ஏ பிளாக்கும் பி பிளாக்கும்

"அங்கிள், 'கோழை'ன்னு போடவா, 'வெட்கம் கெட்டவர்'னு போடவா?"

"ரெண்டையும் போடும்மா. இங்கிலீஷ்ல போடு, அப்பத்தான் உறைக்கும்."

ஏ பிளாக் சுந்தரேசனின் செல்போனில் ஸ்ரீவித்யா மளமளவென்று தட்டி, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டாள். மூன்றாவது மாடியில் புதிதாக வீடு வாங்கி வந்திருப்பவள். சுந்தரேசனுக்குக் கோபம் வருகிற வேகத்துக்கு விரல் வராது. அதனால்தான் இந்த உதவி.

கோபமெல்லாம் பி பிளாக் வெங்கடசாமி மேல். ஒரு காலத்தில் இருவரும் தினமும் சேர்ந்து அல்சூர் ஏரிப் பக்கம் வாக்கிங் போனவர்கள். கோடையில், டேங்கர் தண்ணீர் முதலில் ஏ பிளாக்குக்கா, பி பிளாக்குக்கா என்று ஆரம்பித்த பேச்சு முற்றிவிட்டது. இப்போது கேட்டருகே எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். போதாததற்கு, அசோசியேஷன் செகரெட்டரி தேர்தலிலும் இருவருக்கும் போட்டி.

"மீட்டிங் இருக்கு அங்கிள்" என்று ஸ்ரீவித்யா கிளம்பினாள். அரை மணி நேரத்தில் வெங்கடசாமியின் பதில் வந்தது. சுந்தரேசனின் மனைவி ராஜலக்ஷ்மி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"வாக்கிங் போறப்ப பாரம் வேண்டாம்னு, மூளையை வீட்டுலயே வச்சுட்டுப் போவீங்களாம்."

சுந்தரேசன் துள்ளி எழுந்தார். "வெங்கடசாமிக்கு இப்படியெல்லாம் எழுத வராது! எவனோ எழுதிக் குடுக்கறான்!"

"நீங்க மட்டும் சொந்தமாவா எழுதறீங்க?"

"என் ஆளு முன்னாடி அவன் ஆளு நிக்க முடியாது. பார்த்துக்கிட்டே இரு."

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டுத் தேர்தல் கூட்டம் நடந்தது. யாரும் எதுவும் பேசுவதற்குள் ஏ பிளாக் லவினா எழுந்து நின்றாள்.

"இவங்க ரெண்டு பேருமே வேண்டாம். குரூப்பைத் திறந்தாலே தலைவலி! ரெண்டு பிளாக்குக்கும் பொதுவா, அமைதியா இருக்கற ஒருத்தரைப் போடுங்க."

"நம்ம ஸ்ரீவித்யா இருக்காங்களே!" என்றான் பி பிளாக் சுனில். "குரூப்ல இதுவரைக்கும் ஒரு வார்த்தை எழுதினதில்ல."

"ஐயோ, எனக்கு இதெல்லாம் தெரியாதே" என்று ஸ்ரீவித்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் கை தூக்க, அவளே செகரெட்டரி ஆனாள். எல்லோருக்கும் முன்னால் கை தட்டியது சுந்தரேசன்தான். தான் தோற்றால் என்ன, தன் ஆள் ஜெயித்தாகிவிட்டதே! ஓரக்கண்ணால் வெங்கடசாமியைப் பார்த்தார். அழுதுகொண்டிருப்பான் என்று நினைத்தால், அவரும் வாயெல்லாம் பல்லாகக் கை தட்டிக்கொண்டிருந்தார். பைத்தியக்காரன், எதற்குச் சந்தோஷப்படுகிறான்?

கூட்டம் கலைந்ததும் வெங்கடசாமியே வந்து கையை நீட்டினார்.

"போதும்டா சுந்தரேசா, நம்ம சண்டை. நாளைக்கு வாக்கிங் வர்றியா?"

தனியாக நடந்து நடந்து சுந்தரேசனுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. நீட்டிய கையை இறுகப் பிடித்துக் குலுக்கினார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஜெயித்ததைச் சொல்லாமல் எப்படி இருப்பது? நண்பனின் காதருகே குனிந்தார்.

"வர்றேன்டா. ஆனா நான் தோத்துட்டேன்னு மட்டும் நினைக்காதே. இத்தனை நாளா எனக்கு எழுதிக் குடுத்தது யாரு தெரியுமா? இப்ப செகரெட்டரி ஆனாளே, அவதான்!"

குலுக்கிக்கொண்டிருந்த வெங்கடசாமியின் கை அப்படியே நின்றது.

"உனக்குமா?"