சைலன்ட்டுக்குப் போகாத போன்

“கட்டினவ கூப்பிட்டா சைலன்ட்ல போட்டுடற மனுஷனுக்கு இந்த போன், தம்பி. இனிமே அலறணும்!”

கடைக்கு வந்த அக்கா இப்படிச் சொல்லி போனை நீட்டியதும் செல்போன் மெக்கானிக் குஷியானான். அந்த நீல நிற போனை ரூட் செய்து, அதாவது கம்பெனி போட்ட உள்பூட்டை உடைத்து, சிஸ்டம் ஃபைலில் சைலன்ட்டைத் தூக்கினான். அந்த ஃபைலைத் திருத்தும் பர்மிஷனுக்கும் பூட்டுப் போட்டான். பாஸ்வேர்டை அந்த அக்காவே வைத்தார். நடுவில் அவன் பாக்கெட்டில் போன் சத்தமில்லாமல் துடித்தது, அவன் எடுக்கவில்லை.

“அந்த ஆள் தொலைஞ்சான்! இனி நானே நினைச்சாலும் மாத்த முடியாதுக்கா.”

மாலையில் அவன் மனைவி சிரித்தபடி ஒரு டப்பாவை நீட்டினாள்.

“உங்களுக்குத்தான். எங்க ஆபீஸ் அக்காகிட்ட சொல்லி ரெடி பண்ணினேன்.”

திறந்தான். அதே நீல நிற போன்.

“கெட்டிக்கார மெக்கானிக்காம்” என்றாள். “அவரே நினைச்சாலும் மாத்த முடியாதாமே?”