நூறு ஆன கார்

"மறுபடியும் சார்ஜ் நூறு ஆயிருக்கு. எண்பதோட நிக்கிற மாதிரிதான போன்ல வச்சிருந்தேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் புது எலெக்ட்ரிக் காரின் முன் நின்று புலம்பினான் ராஜபாண்டி.

"போன்ல ஏதாவது கோளாறா இருக்கும்ங்க" என்றாள் அவன் மனைவி அனுசியா.

"இந்த வெயில்ல ஃபுல் சார்ஜோட நிப்பாட்டி வச்சா பேட்டரி கெட்டுப்போகும். ஓட்டித்தான் குறைக்கணும். கெளம்பு."

"அப்ப திருச்சுழிக்குப் போவோம். எங்க அம்மாவையாச்சும் பாப்பேன்."

"போவோம். ஆனா நான் உங்க வீட்டுக்குள்ள வரமாட்டேன்."

மாமனார் பால்ச்சாமி இந்தக் காரைப் பொம்மை வண்டி என்று சொன்னதிலிருந்து, அந்த வீட்டில் கால் வைப்பதில்லை என்று அவன் சபதம் எடுத்திருந்தான். அதனால் வாராவாரம் அவர்கள் வாசலில் காரை நிறுத்தி, ஏசியைப் போட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். மாமனாரும் கார் ஜன்னல் வழியாகக் கறிச்சோற்றுத் தட்டை நீட்டுவார்.

அன்றும் தட்டு போனது. அடுப்படியில் அனுசியா தன் அம்மாவிடம் சிரித்தபடி சொன்னாள்.

"சனிக்கெழம சாயங்காலம் அவுக குளிக்கப் போனதும், அவுக போனை எடுத்து எண்பதை நூறாக்கிருவேன். இல்லாட்டி இந்தப் பக்கமே வரமாட்டாக."

"நேத்து பந்தல்குடிக் கல்யாணத்துக்குப் போறேன்னியே, எப்ப மாத்துன?"

அனுசியாவின் சிரிப்பு நின்றது. கல்யாணத்திலிருந்து வந்ததும் அவள் அசந்து தூங்கிவிட்டாள். நேற்று அந்தப் போனைத் தொட்டவன் ராஜபாண்டி மட்டும்தான்.

அப்போது வாசலில் அவன் குரல் கேட்டது.

"மாமா, இன்னும் கொஞ்சம் கொழம்பு."