வளைவில் முளைத்த கல்

கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். அதன்மேல் சுற்றியிருந்த சின்னப் பிள்ளையின் பாவாடை பனியில் நனைந்து தொங்கியது.

நல்லமுத்துவின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கம்பம்மெட்டிலிருந்து ஆனைக்கரைக்கு ஜீப்பில் எஸ்டேட் சாமான் ஏற்றிப் போகிறவன் அவன். இந்த வளைவில் வேகத்தைக் குறைத்தே அறியாதவன். ரோட்டில் அகாலமாய்ச் செத்தவர்களுக்குத்தான் இப்படிக் கல் நடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை காலை இதே வளைவில், இதே மாதிரிப் பனியில், மட்காட்டில் 'ணங்' என்று என்னவோ மோதியது. மைல்கல்லாக இருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விட்டான். இந்த வளைவில் ஏது மைல்கல்?

கல்லின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள் சாந்தம்மாள். ஏலக்காட்டு வேலைக்காரி, பனிக்குத் தலையை மூடிச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள்.

"யாருக்கும்மா கல்லு?"

"எம் மகளுக்கு."

அவன் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினான். "எந்த... எந்த வண்டி?"

அவள் ஜீப்பை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த வண்டிண்ணே மெதுவாப் போகுது? நீங்க மட்டும் என்ன, மாமியா வீட்டு விருந்துக்குப் போறாப்லதான பறக்குறீக!"

அதற்குமேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. ஜீப்பை ஊர விட்டான். வளைவு தாண்டியது. பிள்ளையைக் கொன்ற கையோடு ஆனைக்கரை போய் என்ன செய்ய? ஓரங்கட்டிவிட்டு நடந்தே திரும்பி வந்தான்.

"நாந்தாம்மா," என்றான். "செவ்வாக்கெழம காலைல. பனில ஒண்ணுந் தெரியல. நிக்காமப் போயிட்டேன். போலீசுக்குன்னாலும் வாரேன்."

சாந்தம்மாள் திருதிருவென்று விழித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏ மூக்கம்மா! இங்கிட்டு வாடி."

ஏலச்செடிக்குள்ளிருந்து ஒரு சிறுமி மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நல்லமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பிள்ளைக நடக்க முடியல, வண்டிக மெதுவாப் போக ரோட்டுல ஒரு மேடு போட்டுத் தாங்கன்னு ரோட்டு ஆபீசுல போயி நின்னோம்ணே. 'ஆரெங்கிலும் மரிச்சோ?'ன்னு மலையாளத்துல கேட்டாக, யாராச்சும் செத்தாகளான்னு. இல்லன்னோம். அப்பப் போங்கன்னுட்டாக. அதான் யாரும் சாகுமுன்னயே கல்ல நட்டுட்டோம். நேத்துலருந்து ஒவ்வொரு வண்டியும் எம்புட்டுப் பதனமா ஊருது பாருங்க!"

"அடிப்பாவி! பிள்ளை நல்லாயிருக்கு, என்னையில்ல கொன்னுட்ட!" அவனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அன்னைக்கு ணங்குன்னு இரும்புச் சத்தம். மணி அடிச்சாப்லயும் இருந்துச்சு. கல்லப் பாத்ததும், பிள்ள கையில இருந்த தூக்குச்சட்டிதான் அடிபட்டுச்சோன்னு குலையே நடுங்கிப்போச்சு."

சாந்தம்மாள் சிரிக்கவில்லை.

"மணியா?"

அவன் தலையாட்டினான். அவள் எழுந்து ரோட்டு ஓரத்துக்குப் போனாள். கீழே கிடுகிடு பள்ளம். பனி மூடிக் கிடந்தது. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"மூக்கம்மா... ஒங்கப்பன் கம்பத்துக்குக் கதிரறுக்கன்னு சைக்கிள எடுத்துட்டுப் போனது என்னைக்குடி?"