பெங்களூர்க் குரல்

"நூத்தி இருபதாவது லைன்லயே நிக்குதுங்க, மேடம்! தயவு பண்ணி கட் பண்ணிடாதீங்க!"

போனில் ஒரே இரைச்சல். வெளியே பெய்யும் மழை கம்பிக்குள்ளும் பெய்வது போலிருந்தது. மறுமுனையில் ஒரு பெண் ஏதோ சொல்ல வந்தாள். "சார், பெங்களூரு..." என்றது மட்டும் அன்வர் பாஷாவின் காதில் விழுந்தது. மீதியை இரைச்சல் விழுங்கிவிட்டது.

தர்மபுரியில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் அன்வர் கிளார்க். ரத்தம் கொடுக்க முன்வந்த நாலாயிரம் பேரின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். எந்த குரூப் வேண்டும் என்று தட்டினால் ஆளும் ஊரும் திரையில் வந்துவிடும். முந்தாநாள் புது மெஷின் வந்தது. பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதே புரோகிராம்தான், அதே 'பேசிக்' மொழிதான். ஆனால் புது மெஷின் நூற்றிருபதாவது வரிக்கு மேல் அதைப் படிக்க மறுத்தது. எழுதிக் கொடுத்த பெங்களூர் சவுரியப்பனுக்கு அன்றைக்கே தந்தி அடித்தான். பதில் இல்லை.

இன்று மதியம் வத்தல்மலையிலிருந்து கருப்பி என்ற பெண்ணைக் கட்டிலோடு இறக்கிக் கொண்டுவந்தார்கள். பிரசவமாகி உதிரம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். நர்ஸ் ராமக்காள் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதில் பெயர்கள் குரூப் பிரிக்காமல் வந்த வரிசையில் கிடந்தன. அன்வர் எக்ஸ்சேஞ்சில் சொல்லிப் பெங்களூருக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தான். இருபது நிமிஷம் கழித்து இப்போதுதான் மணி அடித்தது.

"கேக்குதுங்களா மேடம்? ஒரு பொம்பளை உசுரு ஊசலாடுது. சவுரியப்பன் சார் இல்லைன்னா நீங்களாச்சும் சொல்லுங்க!"

இரைச்சல் சற்றுத் தணிந்தது. பிறகு அந்தக் குரல் நிதானமாக வந்தது.

"அந்த லைனை எழுத்து எழுத்தாப் படிங்க, சார்."

படித்தான்.

"நடுவுல எங்கயாச்சும் இடம் விட்டிருக்குதுங்களா?"

"இல்லீங்க. எல்லாம் ஒட்டிக்கிட்டே இருக்குது."

"அதாங்க. ஒட்டி எழுதினாலும் பழைய மெஷினுக்குப் புரியும். புதுசுக்கு வார்த்தைக்கு வார்த்தை இடம் விடணும். ஃபார் போடுங்க. இடம் விடுங்க. இப்ப ஐ போடுங்க."

அவன் தோளில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு தட்டினான். அவள் சொல்ல, ஒவ்வொரு வரியாக மூச்சு விட்டது. அவசரப்படாத குரல். தாலாட்டுகிறவள் கை ஓயாமல் தூளியை ஆட்டுவது போல வந்துகொண்டிருந்தது. அன்வரின் மனக்கண்ணில் பெங்களூர் தெரிந்தது. கண்ணாடி ஜன்னல்கள் வைத்த உயரமான கட்டடம். வரிசையாகப் பச்சை வெளிச்சம் காட்டும் மெஷின்கள். நடுவில் நாற்காலியில் அவள். ஜன்னலுக்கு வெளியே ஊதாப் பூக்கள் மழையோடு உதிர்கின்றன.

"சார், இருக்கீங்களா? இனி வர்ற லைன்ல பிரின்ட் பக்கத்துல சுழிச்ச ஏ மாதிரி ஒரு எழுத்து இருக்கும். அதையும் அதை ஒட்டுன நம்பரையும் எடுத்துருங்க. புது மெஷினுக்கு அது ஆகாது."

எடுத்தான். ஓடவிட்டான். திரை ஒரு கணம் இருண்டது. பிறகு பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அப்துல் சுபான், ஓ நெகட்டிவ், மெத்தைக் கடை, பஸ் ஸ்டாண்டு பின்புறம்.

"ராமக்கா! ஆள் இங்கயே, டவுன்லயே இருக்காரு! ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க!"

நன்றி சொல்ல ரிசீவரை எடுத்தபோது லைன் போயிருந்தது.

பொழுது சாயும்போது கருப்பி கண்ணைத் திறந்து, "புள்ளை எங்கே?" என்றாள். வாசலில் நின்றிருந்த அவள் புருஷன் தீர்த்தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அன்வர் மலைப் பக்கம் பார்த்தபடி நின்றான். முகில் இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து 'இடம் விடுங்க, இடம் விடுங்க' என்று யாரோ மெல்லச் சொல்வது போலிருந்தது. பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நனைந்த பையோடு சவுரியப்பனே வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க பாய். உங்க தந்தி நேத்து சாயங்காலந்தான் கைக்கு வந்துச்சு. போன் பண்ணலாம்னா எங்க ஏரியாவுல மூணு நாளா எல்லாம் டெட். எந்த லைன்ல நிக்குது?"

"எதுலயும் நிக்கலீங்களே, நல்லா ஓடுது. உங்க ஆபீஸ் மேடம் நேத்து போன்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

"மேடமா? எங்க ஆபீஸ்ல நானும் எங்க அண்ணனும் மட்டுந்தான் பாய்."

அன்வர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. எடுத்தான். இன்று இரைச்சலே இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அதே குரல்.

"சார், டிரங்க் எக்ஸ்சேஞ்சுல இருந்து மாதம்மாள் பேசறேனுங்க. நேத்து நீங்க போட்ட பெங்களூரு கால் இன்னும் கெடைக்கலீங்க. அப்படியே வெச்சிருக்கட்டுமா, கேன்சல் பண்ணிரட்டுமா?"

அன்வர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "நீங்களா? உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும்?"

"போன மாசம் அரூர்ல ஒரு விதைக் கம்பெனிக்கும் இதே தகராறு. சவுரியப்பன் சார் சொல்றது அவுங்களுக்குக் கேக்கல. நடுவுல இருந்து நான்தான் வரி வரியா எடுத்துச் சொன்னேன். மனசுல நின்னுருச்சு." சற்றே தயங்கினாள். "அந்தம்மா பொழைச்சுக்கிட்டாங்களா?"

"பொழைச்சுக்கிட்டாங்க. உங்களாலதான்."

"நல்லதுங்க. ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே? இந்தக் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்னு சொல்றீங்களே, அது பாக்க எப்படிங்க இருக்கும்?"