வரன் விசாரிக்க வந்தவள்

“பையனுக்குக் குடி, கிடி உண்டாக்கா? மறைக்காமச் சொல்லிருங்க.”

“பீடிகூடக் கெடையாது தாயி. வேடசந்தூர் மில்லுல சூப்பர்வைசர். மில் பஸ்ஸுல போவான், மில் பஸ்ஸுல வருவான். அம்புட்டுத்தான் எம்மகன்” என்றாள் பேச்சாயி.

ஜக்கம்மாள் நோட்டில் குறித்துக்கொண்டாள். ஐம்பத்துநாலு வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மத்தியான வெயிலில் வந்து கதவைத் தட்டியபோது, “செருப்ப உள்ள கழட்டுங்க, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும்” என்று மட்டும் சொல்லி, பேச்சாயி நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். செருப்பு புதுசு. அந்த அக்கறைக்கே ஜக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அசதி.

வரன் விசாரிப்பதெல்லாம் வேஷம். ஆபீஸ் சொல்கிற ஆளைப் பற்றித் துருவி விசாரிப்பதும், அப்புறம் அந்த ஆளை முடிப்பதும்தான் அவள் வேலை. இரண்டுக்கும் தனித்தனியாக ஆள் போடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

போலீஸ் கேட்டால் வாயைத் திறக்காத தெருவெல்லாம், கல்யாண விசயம் என்றால் கொட்டித் தீர்த்துவிடும். இருபது வருடமாக இந்த ஒரே வித்தையில் பிழைப்பு ஓடுகிறது.

இந்த வீட்டுப் பையன் மோகன்குமாரின் பெயர், மேலதிகாரி இருதயநாதனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. ஆபீசின் ரகசிய ஆட்கள் பட்டியல் அவன் கையில் இருக்கிறதாம். ஒரு மில் சூப்பர்வைசருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று ஆபீசுக்கே விளங்கவில்லை.

‘இன்றே முடிக்கவும்’ என்ற உத்தரவுக்குக் கீழே ஒரு ரோஜாப்பூ, ‘இனிய காலை வணக்கம்’. அதற்கும் கீழே, ‘இத்துடன் உங்களுக்கு ரிட்டயர்மென்ட்’. அந்தக் கடைசி வரிக்காகத்தான் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு கிளம்பினாள். வேலை முடிந்தால் பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். வேறு ஆசையே இல்லை.

பையிலிருந்து அல்வா டப்பாவை எடுத்து நீட்டினாள்.

“பையனுக்குன்னே வாங்குனது. நீங்க தொட்டுறாதீங்கக்கா, உங்களுக்குச் சுகராமே. மருந்துக் கடையில சொன்னாங்க.”

“யாத்தே, அம்புட்டையும் விசாரிச்சிருக்கீங்களே!” பேச்சாயி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். “அவன் வந்ததும் குடுக்குறேன்.”

அந்த அல்வாவைத் தின்றவன் மறுநாள் காலையில் எழுந்திருக்க மாட்டான். மாரடைப்பு என்றுதான் டாக்டர் எழுதுவார். அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்த பிறகே ஜக்கம்மாள் இனிப்புக்கு வந்தாள். வயதான காலத்தில் அந்த மனுஷி ஏன் வீணாகச் சாக வேண்டும்?

“இருந்து சாப்புட்டுப் போங்க. வெஞ்சனம் கத்திரிக்காதான்.”

“சம்பந்தம் முடிவாகாம கை நனைக்கப்படாதுக்கா.”

“அது சோத்துக்கு. காப்பியும் வேணாம்னா, பையனப் புடிக்கலைன்னுல்ல அர்த்தம்!”

முடிக்கப் போகிற ஆளின் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது ஜக்கம்மாளின் கட்டுப்பாடு. ஆனால் மறுத்தால் வேஷம் கலைந்துவிடும். அதோடு வாசம் வேறு ஆளைத் தூக்கியது. சிக்கரி கொஞ்சம் தூக்கல்தான், இருந்தாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அப்பாடா என்றிருந்தது. சனியன் பிடித்த இந்தப் பிழைப்பில், உட்கார வைத்துக் காப்பி கொடுத்தவர்கள் எத்தனை பேர்?

செத்த நேரம் பேசிக்கொண்டிருந்தாள். மில் பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. பையன் முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் தூக்கம் வராது. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

சொல்லிக்கொள்ளவில்லை. நாளைக்குத் துட்டி விழப்போகிற வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல அவளுக்கு ஒரு நாளும் வாய் வந்ததில்லை.

“ஏந்தாயி, போயிட்டு வாரேன்னு சொல்லாமப் போறீங்க?”

ஜக்கம்மாள் நின்றாள். “மறதிக்கா. வயசாகுதுல்ல.”

“மறதியா? நானும் உங்க ஆபீஸ்ல இருவத்தாறு வருசம் இதே வேலை பாத்தவதான். ஒரு வீட்டுலயும் சொல்லிக்கிட்டு வந்ததில்ல.” பேச்சாயி அல்வா டப்பாவைத் திறக்காமலே குப்பைக் கூடையில் போட்டாள். “ரிட்டயர்மென்ட்னு எனக்கும் எழுதிட்டு, முடிக்க ஆள் அனுப்புனாங்க. நல்லவேளை, நான் லிஸ்ட்ட எடுத்துக்கிட்டு ஓடியாந்துட்டேன்.”

படியில் இறங்கப் பார்த்தாள் ஜக்கம்மாள். முட்டி மடங்கியது. இந்தத் தடவை அது தேய்மானம் இல்லை. நாக்கும் மரத்துக்கொண்டு வந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது.

“எப்பக்கா... கண்டுபுடிச்சீங்க?” என்று குழறினாள்.

பேச்சாயி குனிந்து, அவள் காலிலிருந்து புதுச் செருப்பை மெல்லக் கழற்றி உள்ளே வைத்தாள்.

“நீங்க வந்தப்ப, நான் மட்டும் ‘வாங்க’ன்னு சொன்னேனா?”