பிரிக்காத பொட்டலங்கள்

தொம்... தொம்... உலக்கைச் சத்தம் வேலிவரைக்கும் கேட்டது. சட்டென்று நின்றது.

அன்றைக்கு வெயில் இருக்கும்போதே சுள்ளிக்கட்டோடு திரும்பிய தீர்த்தகிரி, நடையை எட்டிப் போட்டான்.

உரலுக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாஞ்சாலை நின்றிருந்தாள். அவள் நீட்டிய தேக்கிலைப் பொட்டலத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி மங்கம்மாள். சுட்ட கருவாட்டு வாசனை.

"அக்கா, இன்னா பண்றீங்க? உப்பு, கருவாடு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு!"

"சொல்லுவாரு! உப்பில்லாத களியத் தின்னா உடம்பு தேறுமா? நல்லாத்தான் வெச்சிக் காப்பாத்துற பொண்டாட்டிய!"

முந்தானையை உதறிக்கொண்டு பாஞ்சாலை போய்விட்டாள்.

தீர்த்தகிரி கட்டைக் கீழே போட்டான்.

"வேலூர்ல அவ்ளோ தெளிவா சொன்னாங்களே, மங்கா. கழுத்துக் கட்டிய அறுத்தாச்சு. மிச்ச நோய் எங்க ஒளிஞ்சிருந்தாலும் அந்த அயோடின் மருந்து தேடிப் போயி, அந்த செல்லுல மட்டும் எறங்கும். ஆனா அதுங்க பட்டினியா கெடக்கணும். கருவாட்டுலயும் அயோடின் இருக்குதாம். அத்த முன்னாடியே தின்னுட்டா மருந்த வாங்காது. பத்தியத்துல பன்னண்டு நாளு ஓடிப்போச்சு, மருந்துக்கு இன்னும் மூணே நாளு. நாக்கக் கட்ட முடியலியா?"

மங்கம்மாள் உள்ளே போய் ஒரு பானையைத் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்தாள்.

பதினோரு தேக்கிலைப் பொட்டலங்கள். அடியில் இருந்தவற்றின் இலை காய்ந்து முறுகியிருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மடியில் இருந்ததையும் எடுத்து மேலே வைத்தாள்.

"அப்ப எதுக்குடி வாங்கற? வேணாம்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"ஒட்டிக்கும்னு ஊர்ல ஒருத்தரும் இந்தப் பக்கம் வர்றதில்ல. நீயும் எனக்குத் தட்டத் தனியா வெச்சிட்டு, விடிஞ்சா காட்டுக்குப் போய்ட்டு, இருட்டுனாதான் வர்ற. பாஞ்சாலக்கா ஒண்ணுதான் வருது. வெறுங்கையோட வந்து உக்கார அதுக்குக் கூச்சம். இத்த வேணாம்னுட்டா, நாளைக்கு எங்கூடப் பேச யாரு வருவா?"

தீர்த்தகிரி பானையைத் தூக்கி உள்ளே வைத்தான். பிறகு வேலிக்குப் போனான்.

"பாஞ்சாலக்கா! கோவிச்சிக்காதீங்க. நாளைக்கும் கொண்டாங்க."

"வந்தியா வழிக்கு!" அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

உரலில் சாமை பாதி குத்தியபடி கிடந்தது. மங்கம்மாள் உலக்கையை எடுத்தாள். சுவரில் சாய்ந்திருந்த இன்னொன்றை எடுத்துக்கொண்டு அவன் எதிரே வந்து நின்றான். இருவரும் மாற்றி மாற்றிக் குத்தத் தொடங்கினார்கள்.