காதில் விழுவதும் காது கொடுப்பதும்

சாப்பாட்டு மேஜையில், மனைவியின் பேனாவுக்குப் பக்கத்தில் விரிந்து கிடந்த நோட்டை எட்டிப் பார்த்த காது டெக்னீஷியனுக்கு, கடித்த ரொட்டி உள்ளே இறங்கவில்லை.

மனைவி ஆங்கில வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம். கிட்டத்தட்ட ஒரே அர்த்தம் தரும் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது இந்த வாரப் பாடம்.

‘ஹியர் - காதில் விழுவது. லிசன் - காது கொடுத்துக் கேட்பது. நான் பேசுவது அவன் காதில் விழுகிறது. அவன் காது கொடுப்பதில்லை.’

கீழே இன்னொன்று. ‘அலோன் - ஆள் இல்லாமல் இருப்பது. லோன்லி - ஆள் இருந்தும் துணை இல்லாமல் இருப்பது. சாயங்காலம் அவன் வந்துவிடுவான். அப்போதும் நான் லோன்லி.’

அவனாமே! பன்னிரண்டு வருஷத்தில் கோபத்தில்கூட ‘ங்க’ போடாமல் பேசாதவள். அவள் எழுத்தைப் பார்த்தே எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பார்த்த அன்றைக்கு இது.

கேட்கலாம் என்றால் அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் நாற்காலியில் இருந்த அப்பா நிமிர்ந்தார். “ஏம்ப்பா, ஒரு விஷயம்...”

“வந்து பேசலாம்ப்பா.” ஷூவில் கால் நுழையும் முன்பே படி இறங்கிவிட்டார்.

மருத்துவமனையில் வேலை ஓடவில்லை. காது சோதனைக்கு வந்து, கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவர், கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“சார், எனக்குக் காது சுத்தமாப் போயிடுச்சா? ஒரு சத்தமும் வரலையே?”

டெக்னீஷியன் பட்டனையே அழுத்தியிருக்கவில்லை. போன வாரம் அவள் பல்வலி என்றாளே, எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

“வந்துட்டியா? காலையில சொல்ல வந்தது என்னன்னா...” என்றார் அப்பா.

“இருங்கப்பா, அவகிட்ட அவசரமாப் பேசணும்.”

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினார். போனை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காரு. மனசுல என்ன இருந்தாலும் கொட்டிடு. குறுக்கே பேச மாட்டேன்.”

அவள் மிரண்டாள். “வேலை போயிடுச்சாங்க?”

“இல்ல. பல்வலி எந்தப் பக்கம்?”

“அந்தப் பல்லைப் பிடுங்கியே நாலு நாளாச்சு!”

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

“எல்லாம் படிச்சேன். உன்னை இப்படித் தவிக்க விட்டிருக்கேன்னு எனக்கு உறைக்கவே இல்ல. மன்னிச்சுடு.”

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்தாள். பக்கத்தைப் புரட்டினாள், மறுபடி படித்தாள். முகம் மாறிவிட்டது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“என் நோட்டு என் பையில இருக்குங்க. நான் வீட்டுப்பாடம் எழுதும்போது கூடவே உக்காந்து எழுதுவார்... இது உங்கப்பாவோடது.”